மாணவர் வேண்டும் புதிய பாடங்கள்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி நிகழக்கூடிய ஒரு காட்சியை முதலில் நினைத்துப் பார்ப்போம். ஊரிலிருந்து பாட்டியார் வந்திருக்கிறார். உடல்நலம் சரியில்லை. தந்தை அலுவலகம் போய்விட்டார். தாய்க்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. பதினாறு வயதுப் பேத்தி பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறாள். மருத்துவர் இந்தியில் கேட்கிறார். பாட்டியார் தமிழில் விடை சொல்கிறார். இருவருக்கும் நடுவே நின்று பேத்தி மொழிபெயர்க்கிறாள். "காலையில் எழுந்தால் மயக்கமாக வருகிறது" என்கிறார் பாட்டியார். மயக்கத்துக்குத் தான் அறிந்த இந்திச் சொல்லாகிய 'பேஹோஷ்' என்பதைப் பேத்தி சொல்லிவிடுகிறாள். நினைவிழந்த நிலையை உணர்த்துவது அச்சொல். பாட்டியார் சொன்னதோ தலைசுற்றல். அதற்கு இந்தியில் 'சக்கர்' என்று வேறு சொல் இருக்கிறது. தமிழில் மயக்கம் என்னும் ஒரே சொல் இரண்டு நிலைக்கும் வழங்குவதால் வந்த பிழை இது. சொல் மாறியதும் மருத்துவரின் எண்ணமும் மாறுகிறது. கேட்க வேண்டிய கேள்விகளை விட்டு வேறு கேள்விகளைக் கேட்கத் தொடங்குகிறார்.

அந்தப் பெண் அறிவில் குறைந்தவள் அல்லள். பள்ளியில் நல்ல மதிப்பெண் பெறுபவளாகவே இருக்கலாம். இயற்பியலிலும் கணக்கிலும் அவள் செய்யும் பிழைகளைச் சிவப்பு மையினால் சுழித்துக் காட்ட ஆசிரியர் இருக்கிறார். ஆனால் அன்று மருத்துவர் முன்னே அவள் செய்த வேலையைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல ஒருவரும் இல்லை. அது எந்தப் பாடத்திலும் சேராத வேலை. இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே நாள்தோறும் வாழும் நம் பிள்ளைகள், அந்த வாழ்க்கை தந்த திறமைக்கு ஒரு பெயரும் இன்றி, பயிற்சியும் இன்றிப் பள்ளியை விட்டு வெளியேறுகிறார்கள்.

மேல்நிலைத் தேர்வில் புதிய பாடங்களாக எவற்றைச் சேர்க்கலாம் என்று மாணவரையே கேட்டால் என்ன சொல்வார்கள்? நாம் அறிந்த பிள்ளைகள் சிலரைக் கேட்டுப் பார்த்தோம். சட்டம் வேண்டும் என்றான் ஒருவன். மனத்தைப் பற்றிய படிப்பு வேண்டும் என்றாள் ஒருத்தி. செயற்கை நுண்ணறிவு, செய்தித்தாள் தொழில், சிறு வியாபாரம் தொடங்கும் முறை என்று விருப்பங்கள் நீண்டுகொண்டே போயின. கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இவற்றைப் புதிய பாடங்கள் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பதுதான் வியப்பு.

சட்டக் கல்வி, உளவியல், தொழில்முனைவு, ஊடகக் கல்வி, செயற்கை நுண்ணறிவு ஆகியவை மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேல்நிலைப் பாடப் பட்டியலில் முன்பே இடம்பெற்றவை. பட்டியலில் இருப்பது வேறு. நம் பிள்ளை படிக்கும் பள்ளியில் இருப்பது வேறு. வாரியம் பாடத்திட்டம் வகுக்கிறது, வினாத்தாள் அமைக்கிறது. ஆசிரியரை அமர்த்துவதும் வகுப்பு நடத்துவதும் பள்ளியின் பொறுப்பு. ஒரு பாடத்தை நான்கு பேர் மட்டும் கேட்டால், அதற்கென ஓர் ஆசிரியரை அமர்த்தப் பெரும்பாலான பள்ளிகள் முன்வருவதில்லை. ஆகவே பௌதிகம், ரசாயனம், கணக்கு என்று ஒரு வரிசை, கணக்குப் பதிவியல், வணிகம், பொருளாதாரம் என்று மற்றொரு வரிசை, இவற்றோடு பட்டியல் முடிந்துவிட்டது என்றே மாணவர் நினைக்கின்றனர். உணவு விடுதியில் நீண்ட விலைப்பட்டியல் தொங்குகிறது. உள்ளே போய்க் கேட்டால் இட்டிலியும் பூரியும் தவிர வேறொன்றும் இல்லை என்கிறார்கள். அந்த நிலைதான் இது.

கேட்பார் இல்லாத பண்டம் கடையில் நெடுநாள் இராது. பாடங்களுக்கும் அதே விதி. 2017இல் மத்திய வாரியம் தன் பட்டியலிலிருந்து ஏழு விருப்பப் பாடங்களை நீக்க முடிவு செய்தது. தத்துவம், மரபுக் கைவினைகள், வரைகலை வடிவமைப்பு, மனித உரிமையும் பாலினமும், நாடகக் கலை, நூலகவியல் ஆகிய ஆறும் அவற்றுள் அடங்கும். ஏழாவது, படைப்பெழுத்தும் மொழிபெயர்ப்பும் சேர்ந்த ஒரு பாடம். எடுத்துப் படிப்போர் குறைவு என்பதே சொல்லப்பட்ட காரணம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களிற் பலருக்குக்கூட அப்படி ஒரு பாடம் இருந்தது என்பது, அது போன பிறகுதான் தெரிந்தது. இருந்தபோது நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளிடம் அதைப் பற்றிச் சொன்னோம்? வாரியத்தைக் குறை கூறுமுன் இக்கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 'காலேஜ் போர்டு' என்னும் அமைப்பு, 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்ற பெயரில் உயர்தரப் பள்ளித் தேர்வுகளை 1950களின் நடுவிலிருந்து நடத்தி வருகிறது. கல்லூரித் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதத்தில் தேர்வெழுதி, ஐந்து புள்ளிக்கு எத்தனை என்று மதிப்புப் பெறுகின்றனர். நல்ல புள்ளி பெற்றவர்க்குக் கல்லூரிகள் பலவும் சலுகை அளிக்கின்றன. 2003இல் இத்தேர்வுகளில் இத்தாலியம், சீனம், ஜப்பானியம், உருசியம் ஆகிய நான்கு மொழிகளைப் புதிதாகச் சேர்க்கப்போவதாக அவ்வமைப்பு அறிவித்தது. சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் 2007இல் தேர்வு தொடங்கியது, இன்றும் நடைபெறுகிறது. உருசியம் முழுத் தேர்வாக மலரவே இல்லை.

இத்தாலியத்தின் கதைதான் நாம் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்நாட்டில் ஏராளமாக வாழ்கின்றனர். 2006இல் இத்தாலிய மொழித் தேர்வு முதன்முறையாக நடந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மாணவர் சேரவில்லை; செலவுக்கு ஈடாகவில்லை. 2009ஆம் ஆண்டுத் தேர்வோடு அதை நிறுத்திவிட்டார்கள். அங்குள்ள இத்தாலியச் சமூகம் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருந்துவிடவில்லை. சங்கங்கள் பணம் திரட்டின. இத்தாலிய அரசும் பொருளுதவி செய்ய முன்வந்தது. இன்னும் பல பள்ளிகளில் இத்தாலியம் கற்பிக்கவும் மாணவரைச் சேர்க்கவும் முயற்சிகள் நடந்தன. நின்றுபோன தேர்வு 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் நடைபெற்றது.

புலம்பெயர்ந்தோர்க்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பாடத்தைப் பட்டியலில் ஏற்றுவது ஒரு வெற்றி. ஏறிய பாடத்தைக் காப்பது அதைவிடப் பெரிய வெற்றி. முன்னதற்கு விண்ணப்பம் போதும். பின்னதற்குப் பிள்ளைகளே வகுப்பில் வந்து உட்கார வேண்டும்.

மாணவர் கேட்கும் பாடங்களுள் எதற்காக நாம் முதலில் குரல் கொடுக்கலாம்? மொழிபெயர்ப்புக்கே என்பது எம் கருத்து. தொழிற்பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. வெளி மாநிலத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கைவசம் உள்ள முதல் அது ஒன்றுதான். தமிழ்நாட்டில் வளரும் பிள்ளையைப் போலச் செய்யுளும் இலக்கணமும் இவர்களுக்கு எளிதில் வருவதில்லை. தமிழை எழுதத் தடுமாறுபவர் பலர். ஆயினும் காதால் கேட்ட தமிழ் இவர்களிடம் உயிரோடு இருக்கிறது. தெருவில் பழகிய இந்தியோ மராட்டியோ வங்காளியோ இருக்கிறது. பள்ளியில் படித்த ஆங்கிலம் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று உராய்த்துப் பார்க்கும் பாடம், இவர்களுக்குக் குறையாகத் தோன்றுவதை நிறைவாக மாற்றிவிடும். தமிழைச் சரியாகப் படிக்க வேண்டும் என்னும் ஆவலும் அங்கேதான் பிறக்கும்.

தமிழர்க்கு மொழிபெயர்ப்பு புதிய கலையும் அன்று. தொல்காப்பியர் மரபியலில் வழிநூல் செய்யும் வகைகளை நான்காகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை வைத்தார். இலக்கணத்தில் இடம்பெற்ற ஒரு தொழிலுக்குப் பரீட்சையில் இடம் வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

இப்பாடத்தில் என்ன கற்பிப்பது என்று நேயர்கள் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். குடியிருப்புச் சங்கம் ஒன்று, குழாய் பழுதுபார்க்கும் செலவைத் 'தாங்களே' ஏற்பதாக ஆங்கிலத்தில் அறிக்கை ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். இந்தியிலும் 'ஹம்' என்னும் ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு. 'செலவை நாங்கள் ஏற்போம்' என்றால் சங்கம் கொடுக்கும். 'செலவை நாம் ஏற்போம்' என்றால் படிப்பவரும் பணப்பையை எடுக்க வேண்டும். மூலத்தில் இல்லாத வேறுபாட்டைத் தமிழ் கேட்கிறது. மொழிபெயர்ப்பவர் அறிக்கையை முழுதும் படித்து, யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்த பிறகே ஒரு சொல்லை எழுத முடியும்.

இன்னொன்று. இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் ஆகும்; நாளையும் ஆகும். வினைச்சொல் உடன் வந்தால் காலம் தெரிந்துவிடும். மருந்துச் சீட்டில் 'கல் ஸே தவா பந்த்' என்று மட்டும் இருந்தால்? மருந்து நேற்று முதல் நின்றுவிட்டதா, நாளை முதல் நிறுத்த வேண்டுமா? சீட்டின் தேதியையும் மற்ற வரிகளையும் பார்த்துத்தான் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் மொழிபெயர்ப்பின் ஓர் ஒழுங்கு. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று வரும் ஒருவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்பதும், ஒருவரை 'அவன்' என்பதா 'அவர்' என்பதா என்பதும் இவ்வாறே. சொல்லுக்குச் சொல் தேடுவது போதாது. மனிதர்க்கிடையே உள்ள உறவையும் மதிப்பையும் அறிய வேண்டும். இந்தப் பயிற்சி மேல்நிலை மாணவர்க்குத் தர்க்க அறிவையும் பொறுப்புணர்ச்சியையும் ஒருங்கே தரும்.

தேர்வும் எளிதாகவே அமையலாம். ஒரு செய்திக் குறிப்பு, ஒரு கடிதம், ஒரு சிறுகதைப் பகுதி ஆகியவற்றை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்த்தல். தாம் தேர்ந்த சொல்லுக்குக் காரணம் எழுதுதல். ஒரே மூலத்தின் இரு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுக் குறை நிறை காணுதல். அகராதியைப் பார்த்து எழுத அனுமதிக்கலாம். மனப்பாடத்துக்கு இங்கே வேலை இல்லை. ஆண்டு முழுவதற்குமான செய்முறைப் பணியாக, வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் வாழ்க்கை நினைவைக் கேட்டெழுதி மொழிபெயர்க்கச் சொல்லலாம். தாத்தா பாட்டியர்க்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே வளரும் மௌனத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

இதற்கு மறுப்புகளும் உண்டு. முதலாவது, இயந்திரம்தான் மொழிபெயர்க்கிறதே என்பது. உண்மை. மத்திய அரசு 2022 முதல் 'பாஷிணி' என்னும் மொழித் தொழில்நுட்பச் சேவையை நடத்தி வருகிறது. உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்புகளை இந்திய மொழிகளிற் பெயர்க்க இயந்திர உதவியைக் கொள்கிறது. ஆனால் இயந்திரம் தந்ததை மொழிபெயர்ப்பாளர் சரிபார்க்கின்றனர். இயந்திரம் பெருகப் பெருகச் சரிபார்ப்பவர் தேவை பெருகுகிறது. பிழையைப் பிழை என்று கண்டுகொள்ளும் கண்ணை இயந்திரம் தராது, படிப்புத்தான் தரும்.

இரண்டாவது மறுப்பு மதிப்பெண் பற்றியது. பெற்றோர்க்கு இதுவே பெரிய அச்சம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு 2022இல் வந்தது. 2025ஆம் ஆண்டுத் தேர்வில் 13 மொழிகளும் 23 துறைப் பாடங்களும் ஒரு பொதுத் திறன் தாளுமாக மொத்தம் 37 தாள்கள் இருந்தன. அந்த ஆண்டில் சட்டக் கல்வி, தொழில்முனைவு முதலிய சில பாடங்கள் அப்பட்டியலிலிருந்து விடுபட்டன. நுழைவுத் தேர்வில் இல்லாத பாடத்தைப் பள்ளியில் எதற்குப் படிப்பது என்று பிள்ளைகள் கேட்பது நியாயமே. அதை நாம் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த 13 மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. மொழிபெயர்ப்புப் பயிற்சி, தமிழ்த் தாளுக்கும் ஆங்கிலத் தாளுக்கும் ஒருசேரப் பயன்படும். மேலும் ஐந்து பாடங்களுக்கு மேல் ஆறாவதாக ஒன்றைக் கூடுதலாக எடுக்க மத்திய வாரியத்தில் இடமுண்டு. விருப்பத்துக்கும் பிழைப்புக்கும் இடையே ஒன்றைத்தான் தேர வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, ஆசிரியர் எங்கே என்பது. இதுவே வலிய மறுப்பு. இரு மொழியிலும் தேர்ந்து, கற்பிக்கவும் வல்லவர் எளிதிற் கிடைப்பதில்லை. ஆனால் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மொழிபெயர்ப்புக்கென ஒரு தனி நிறுவனம் அமைக்க வேண்டும் என்று கூறுகிறது. 2023ஆம் ஆண்டுத் தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் இரண்டு மொழிகள் படிக்க வேண்டும், அவற்றுள் ஒன்றேனும் இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இரண்டு மொழிகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்கிடையே பாலம் போடாமல் விடுவது பொருந்துமா? மேல்நிலையில் பாடம் இருந்தால் கல்லூரியில் மாணவர் சேர்வர். அவர்களிலிருந்தே நாளைய ஆசிரியர் வருவர். எங்கிருந்தாவது ஓரிடத்தில் தொடங்கித்தான் ஆக வேண்டும்.

இனி நாம் செய்யக்கூடியவை யாவை? முதலாவது, இருப்பதைக் காப்பது. தலைநகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது. அங்கே தமிழ் படிக்க வாய்ப்பு உண்டு. மும்பையில் மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. தமிழ் கிடைக்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, மதிப்பெண்ணுக்கு எளிது என்று வேறு மொழியை எடுக்கச் சொன்னால், நாளை அங்கே தமிழ் வகுப்பு மூடப்படும்போது வருந்தும் தகுதி நமக்கு இராது.

இரண்டாவது, எண்ணிக்கையைத் திரட்டுவது. பத்தாம் வகுப்பு முடியுமுன்னரே, எந்தப் பாடம் வேண்டும் என்று மாணவரும் பெற்றோரும் சேர்ந்து பள்ளித் தலைவருக்கு எழுதித் தர வேண்டும். தனியாக ஒருவர் கேட்டால் அது விருப்பம். இருபது பேர் பெயரெழுதிக் கேட்டால் அது வகுப்பு. இதில் தமிழரோடு நில்லாமல் வங்காளியரையும் மலையாளியரையும் மராட்டியரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவரவர் வீட்டிலும் இதே பாட்டியும் இதே பேத்தியும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு எல்லா மொழியினர்க்கும் பொதுவான பாடம். அதனாலேயே அதற்கு ஆதரவு திரட்டுவது எளிது.

மூன்றாவது, பாடம் வரும்வரை காத்திராமல் வீட்டிலும் தமிழ்ச் சங்கங்களிலும் பயிற்சியைத் தொடங்குவது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் போதும். செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்து மூன்று பிள்ளைகள் தனித்தனியே தமிழாக்கட்டும். பிறகு மூன்றையும் ஒப்பிடட்டும். மூன்றும் ஒன்றுபோல் இராது. ஏன் என்று அவர்கள் விவாதிக்கத் தொடங்கும்போது, நாம் அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

மருத்துவர் முன்னே நின்ற அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் ஒரு கணம் நின்று, "பாட்டி, தலை சுற்றுகிறதா, நினைவு தப்பிவிடுகிறதா?" என்று கேட்டிருந்தால் பிழை நேர்ந்திராது. அந்த ஒரு கணம் தயங்கிக் கேட்கக் கற்பிப்பதுதான் நாம் வேண்டும் பாடம். அதைப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெற்று நிலைநிறுத்தும் கடமை நம்முடையது. நாங்கள் என்று ஒதுங்கிச் சொல்லாமல், நாம் என்றே சொல்கிறோம்.